கம்மல் போட்டுக்கொள்ளும் நேரம்

பகல் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் அம்மா கம்மலைத் தேடிப் போவாள். கண்ணாடி மேசையின் இழுப்பறையில், பஞ்சு வைத்த சின்ன டப்பாவுக்குள் அது இருக்கும். சிவப்புக் கல் கம்மல். தலையை வாரி, முகத்தில் லேசாகப் பவுடர் போட்டு, கம்மலை மாட்டி, திருகை ஒன்றுக்கு இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுக் கணினி முன்னால் போய் உட்காருவாள். போட்டோ பிடிக்கப் போகிறவள் மாதிரி முதுகை நிமிர்த்திக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் வெளிநாட்டிலிருந்து சின்னவளின் வீடியோ அழைப்பு வரும். இது தினப்படி நடக்கிற கூத்து.

கூத்து என்று சொல்வது பெரியவள்தான். அம்மா அவளோடுதான் தங்கியிருக்கிறாள். விடுமுறை நாட்களில் இந்த அலங்காரத்தைக் கண்ணால் பார்ப்பாள்; மற்ற நாட்களில் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி மனசால் பார்ப்பாள். மாலையில் அவள் வீட்டுக்குள் நுழையும்போது கம்மல் டப்பாவுக்குப் போயிருக்கும், பவுடர் வேர்வையில் கரைந்திருக்கும், அம்மா கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, "வந்துட்டியா, முட்டி வலி தாங்கல" என்பாள். சின்னவளுக்குக் கம்மல், பெரியவளுக்கு முட்டி. இந்தப் பங்கீட்டை யார் போட்டது என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பது அவள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது அவள். ஆஸ்பத்திரி பெஞ்சில் டோக்கன் எண்ணைப் பார்த்துக்கொண்டு அரை நாள் தவம் கிடப்பது அவள். அங்கே ஒருத்தி, கையில் ஒரு துளி தண்ணீர் படாமல், திரைக்குள் வந்து பல்லைக் காட்டிவிட்டுப் போகிறாள். அம்மா அவளைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'என் குட்டி' என்று குரல் குழைகிறது. வயிறு எரியாமல் என்ன செய்யும்? எரிந்தது. பெரியவள் அதை மறைக்கவும் பெரிதாகப் பாடுபடவில்லை. பாத்திரங்கள் அவள் கையில் கொஞ்சம் சத்தமாகவே பேசின.

அப்படி இருக்கும்போதுதான் பிரவுசர் படுத்தத் தொடங்கியது.

பெரியவளுக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. அங்கே யாருடைய கணினி மக்கர் செய்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு 'டாக்டர்' என்றே பெயர். "டாக்டர், என் மெஷின் மூச்சு விடல" என்று மாடி மாடியாகப் போன் வரும். அவளும் சளைக்காமல், "கடைசியா என்ன சாப்பிட்டுச்சு?" என்று கேட்டுக்கொண்டு போவாள். உடைந்த கீபோர்டுகளும் சிக்கல் விழுந்த வயர்களும் குவிந்த ஒரு மூலை அறை அவளுடையது. அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு மத்தியானம் சின்னவள் போன் செய்தாள்.

"அக்கா, அம்மா போயிட்டாக்கா."

பெரியவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "என்னடி சொல்ற? எங்க போயிட்டா?"

"ஸ்கிரீன்லருந்து. நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தா. திடீர்னு வாயத் திறந்தபடி அப்படியே நின்னா. அப்புறம் ஆளையே காணோம்."

"மூதேவி, இதை மொதல்லயே ஒழுங்காச் சொல்லக் கூடாதா? எனக்கு உயிரே போயிடுச்சு."

"சாரிக்கா. கொஞ்சம் என்னன்னு பாரேன். அவளுக்கு அதைத் திருப்பித் திறக்கத் தெரியல, பாவம்."

பாவமாம். அம்மா பாவம் என்று அவள் இவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "சாயங்காலம் பாக்குறேன்" என்றாள். ஆனால் போனை வைத்த பிறகு நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு குளிர்ச்சி ஓடியது. இன்றைக்குக் கம்மல் வீண். அப்படி நினைத்ததற்காக ஒரு நிமிடம் வெட்கப்பட்டாள். அன்று மாலை சமைக்கும்போது பாட்டு ஒன்றை முணுமுணுத்ததற்கு வெட்கப்படவில்லை.

சமையல் முடிந்ததும் அம்மாவின் கணினியைப் பிடித்தாள். அது பழைய இயந்திரம். முன்பு பெரியவளின் கணவன் தன் அச்சக வேலைக்கு வைத்திருந்தான். அம்மா வந்தபோது அவள் அறை ஜன்னலோரத்துக்கு இடம் மாறியது. பெரியவள் பிரவுசரைத் திறந்தாள். வீடியோவை ஓட விட்டாள். ஒரு நிமிடம் ஓடியது, நின்றது, மொத்தமும் மறைந்தது. 'எதிர்பாராமல் மூடிக்கொண்டது, பழைய பக்கங்களை மீட்கவா?' என்று ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் மிச்சம்.

பழைய குப்பைகளை அழித்தாள். புதிய பதிப்பைப் போட்டாள். கணினியை அணைத்து, மூச்சு விடச் செய்து, மறுபடி கிளப்பினாள். வேறெதுவும் பின்னால் ஓடி நினைவகத்தைத் தின்கிறதா என்று பார்த்தாள். பலனில்லை. பிறகு, தன் அலுவலகத்தில் எல்லாருக்கும் சொல்வதுபோல, பிரவுசரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் எக்ஸ்டென்ஷன் என்கிற துணைக் கருவிகளையெல்லாம் ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு வீடியோவை ஓட விட்டாள். ஓடியது. அவள் போய்க் குளித்துவிட்டு வந்தும் ஓடிக்கொண்டிருந்தது.

"சரியாயிடுச்சா?" என்றாள் அம்மா கட்டிலிலிருந்து.

"ஆயிடுச்சு."

"குட்டிகிட்ட சொல்லிடு. கவலப்பட்டுக்கிட்டிருப்பா."

வேலை செய்தவளுக்கு ஒரு வார்த்தை கிடையாது; கவலைப்பட்டவளுக்குச் சேதி போக வேண்டும். பெரியவள் விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மத்தியானம் போன். "அக்கா, மறுபடி போயிட்டா."

மாலையில் வந்து பார்த்தால், அணைத்து வைத்த கருவிகளில் ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. கேமரா படம் போட்ட கருவி. திரையில் தெரிவதைப் படம் பிடிப்பது. பெரியவள் அலுவலகத்தில் சமீபமாகப் பயன்படுத்தத் தொடங்கியது. அது இங்கே எப்படி எழுந்து உட்கார்ந்தது?

"அம்மா, இந்தக் கேமரா படத்தை அமுக்கினியா?"

"நான் எதையும் தொடலையே."

"நீ தொடாம அது எப்படி ஆன் ஆகும்? பேய் வந்து அமுக்குச்சா?"

"எனக்குக் கூப்பிட்டா எடுக்கிற பச்சை பட்டனைத் தவிர வேற எதுவும் தெரியாதுடி. கை வச்சா ஏதாவது ஆயிடுமோன்னு பயம் எனக்கு."

"அவ அமுக்கச் சொல்லியிருப்பா. அங்கருந்து பெரிய மேதாவி மாதிரி, அதை அமுக்கு இதை அமுக்குன்னு சொல்லியிருப்பா."

"அவ ஏண்டி சொல்லப்போறா?" என்று அம்மா சின்னவளுக்காகப் பரிந்து வந்ததும், விஷயம் கணினியை விட்டு எங்கோ போய்விட்டது. பெரியவள் கருவியை அணைத்தாள். காலையில் கிளம்புமுன் இன்னொரு தடவை பார்த்து, அணைந்தே இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு போனாள். மத்தியானம் சின்னவள் கூப்பிட்டாள். அம்மா போய்விட்டாள்.

இப்படியே நாட்கள் போயின. காலையில் நன்றாக இருக்கும் நோயாளி மத்தியானம் மண்டையைப் போட்டது. பிரவுசரை மொத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டாள். மறுநாளும் அதே கதை. அலுவலகத்தில் டாக்டர், வீட்டில் கையாலாகாதவள்.  பெரியவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து மவுசைத் தட்டும்போதெல்லாம் பின்னாலிருந்து அம்மாவின் பெருமூச்சு வரும். அந்தப் பெருமூச்சு சின்னவளுக்கானது என்று இவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்கென்று பிரவுசர் கல்லுக்குண்டு மாதிரி நின்றது. கம்மல் ஏறியது, பவுடர் ஏறியது, அழைப்பு வந்தது. வந்தது நிற்கவே இல்லை. பெரியவள் துணி மடித்தாள், அடுப்பைத் துடைத்தாள், அலமாரியில் தூசி தட்டினாள். அம்மாவின் அறைக்குள்ளிருந்து சிரிப்பு. சும்மா சிரிப்பில்லை, மூச்சு முட்டி, "போதும்டி, வயிறு வலிக்குது" என்று அம்மா கெஞ்சுகிற சிரிப்பு. அம்மாவுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதையே பெரியவள் மறந்திருந்தாள்.

தாங்க முடியாமல், டீயை ஒரு சாக்காக எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சிரிப்பு சட்டென்று நின்றது. அம்மா மேசை விளிம்பைத் தடவினாள். திரையில் சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

"என்ன அப்படிச் சிரிப்பு?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா."

"நான் வந்ததும் சும்மாவா?"

"பாரேன், நீ வீட்ல இருக்கிற அன்னைக்கு மட்டும் இது நல்லா வேலை செய்யுது" என்று சின்னவள் பேச்சை மாற்றினாள். "நீ ஆபீஸ் போனா புட்டுக்குது. வேணும்னே ஏதாவது பண்ணி வச்சுட்டுப் போறியோ?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் பெரியவளுக்கு முகம் கன்றிவிட்டது. "ஆமா, எனக்கு வேற பொழப்பு இல்ல. உங்க ரெண்டு பேர் பேச்சையும் கெடுக்கத்தான் நான் வேலைக்குப் போறேன்" என்று டீயை வைத்த வேகத்தில் பாதி தட்டில் சிந்தியது.

வெளியே வந்தால், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கணவன் கேட்டான். "அவ விளையாட்டாச் சொன்னா. நீ ஏன் சுடுதண்ணி பட்ட மாதிரி துள்ளுற?"

"நீங்க பேப்பரைப் படிங்க."

துள்ளியதற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். செய்யாத குற்றம்தான், ஆனால் செய்ய ஆசைப்பட்ட குற்றம்.

அடுத்த நாள் அலுவலகத்தில் வேலை நெட்டித் தள்ளியது. இழப்பீட்டுப் பிரிவில் இருக்கும் அம்மாள் போன் செய்து, "டாக்டர், புது மென்பொருள்ல எங்க போய் எதை அமுக்கணும்னு படம் படமா எடுத்து அனுப்பிடுங்க, சொன்னா எனக்கு மண்டையில ஏறாது" என்றாள். பெரியவள் திரையைப் படம் பிடிக்கும் கருவியைத் தேடினாள். மறுபடியும் அணைந்து கிடந்தது. கொஞ்ச நாளாகவே இந்தத் தொல்லை. தினமும் காலையில் வந்து பார்த்தால் அணைந்திருக்கும். மத்தியானத்துக்குள் தேவைப்படும்போது இவள் முணுமுணுத்துக்கொண்டே உயிர்ப்பிப்பாள். நிறுவனம் போட்ட ஏதோ பாதுகாப்பு ஏற்பாடுதான் தன் கருவியை அமுக்குகிறது என்று மேலதிகாரியிடம் ஒரு சண்டைகூடப் போட்டிருந்தாள்.

உயிர்ப்பித்தாள். கேமரா படம் வண்ணத்தோடு எழுந்தது. முதல் படத்தை எடுத்து முடிக்கவில்லை, போன் அடித்தது.

"அக்கா, போயிட்டா. இப்பத்தான், இந்த நிமிஷம்."

பெரியவள் திரையில் இருந்த கேமரா படத்தைப் பார்த்தாள். அதற்கு மேல், பிரவுசரின் மூலையில், அவளுடைய கணக்கின் சின்ன வட்டம் இருந்தது. அதே வட்டம் வீட்டில் அம்மாவின் பிரவுசரின் மூலையிலும் இருக்கிறது. அவள்தான் போட்டாள். அம்மாவுக்குக் கணினியைத் தயார் செய்த நாளில், அவசரத்தில், புதுக் கணக்குத் திறக்கச் சோம்பல்பட்டுத் தன் கணக்கையே உள்ளே நுழைத்துவிட்டிருந்தாள். ஒரே கணக்கு இரண்டு கணினியில். அங்கே அணைத்தால் இங்கே அணையும். இங்கே எழுப்பினால் அங்கே எழும்பும். எழும்பியது பழைய இயந்திரத்தின் வீடியோவில் கை வைக்கும். வீடியோ பிரவுசரையும் இழுத்துக்கொண்டு கவிழும். 'உங்கள் கணக்கைப் பிறர் கணினியில் திறந்து வைக்காதீர்கள்' என்று ஊழியர்கள் எல்லாருக்கும் சுற்றறிக்கை அனுப்புகிற டாக்டர் செய்த வைத்தியம் இது.

தினமும் மத்தியானம் அம்மாவைத் திரையிலிருந்து பிடுங்கியது அவள் விரல்தான்.

"அக்கா, இருக்கியா?"

"இருடி." பெரியவள் கருவியை அணைத்தாள். "அம்மாவைத் திருப்பித் திறக்கச் சொல்லு. மீட்கவான்னு கேக்கும், ஆமாங்கணும். நான் சொல்லிக் குடுத்திருக்கேன்."

சின்னவள் இன்னொரு போனில் அம்மாவோடு மல்லுக்கட்டுவது காதில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "வந்துட்டாக்கா. தெளிவா இருக்கா" என்றாள். பின்னால் அம்மாவின் குரல்: "குட்டி, தெரியுறேனா?"

எந்தக் கோளாறையும் ஒரு தடவை பார்த்து முடிவு கட்டக் கூடாது. திரும்ப வரவழைத்துப் பார்த்தால்தான் உறுதி. அது தொழில் தர்மம். பெரியவள் கருவியை உயிர்ப்பித்தாள்.

"ஐயோ, போயிட்டா" என்றாள் சின்னவள்.

இது போதும். நோய் தெரிந்துவிட்டது, மருந்தும் கையில் இருக்கிறது. ஒரு சொடுக்கு. ஆனால் விரல் மவுசின் மேல் அப்படியே இருந்தது. கடல் தாண்டி இருக்கிற ஒருத்தியின் சிரிப்பை இங்கிருந்து வாயோடு மூட முடிகிறது. நேற்று டீயோடு உள்ளே போனபோது தன் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாற்போல நின்ற அந்தச் சிரிப்பு. அதை நினைத்ததும் பெரியவளின் விரல் விலகிக்கொண்டது.

"இன்னைக்கு வேலை தலைக்கு மேல கிடக்குடி. சாயங்காலம் பாக்குறேன்" என்றாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சாயங்காலம் அவள் பார்க்கவில்லை. தலைவலி என்றாள். மறுநாள் காலை நேரமாகிவிட்டது என்றாள். அதற்கடுத்த நாள், "அது பெரிய கோளாறும்மா, ஒரு பொருள் வாங்கிப் போடணும், விசாரிச்சுக்கிட்டிருக்கேன்" என்று கூசாமல் ஒரு பொய்யை எடுத்து விட்டாள். அம்மா நம்பினாள். கணினி விஷயத்தில் பெரியவள் சொன்னால் அம்மாவுக்கு அது வேதவாக்கு.

அந்த நாட்களில் பெரியவள் மிக நல்ல மகளாக இருந்தாள். பழம் வாங்கி வந்தாள். தலையணைக்குப் புது உறை போட்டாள். முட்டிக்குத் தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டாள். மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. இனி அம்மாவுக்குப் பேச இவள் ஒருத்திதான். ஆக அந்தக் குழைவும் அந்தச் சிரிப்பும் தானாக இவள் பக்கம் திரும்பித்தானே ஆக வேண்டும்? திரும்பவில்லை. அம்மா சொன்ன நேரத்துக்குச் சாப்பிட்டாள், சொன்ன மாத்திரையைப் போட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். பஞ்சு வைத்த டப்பா மூடியே கிடந்தது. சின்னவள் போனில் கூப்பிட்டால், காது சரியாகக் கேட்காமல், "ம்... ம்... சரி வச்சுடு" என்று அம்மாவே முடித்துக்கொண்டாள்.

ஒரு நாள் அலுவலகத்தில் மின்சாரம் போனதால் எல்லாரையும் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். பெரியவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மாவின் அறைக் கதவு திறந்திருந்தது. அம்மா கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது. தலை வாரியிருந்தது. காதில் சிவப்புக் கல் இரண்டும் ஜன்னல் வெளிச்சத்தில் மின்னின. திரை மட்டும் கறுப்பாக இருந்தது. அம்மாவின் முகம்தான் அதில் மங்கலாகத் தெரிந்தது.

"யாரோட பேசுற?" என்று கேட்டுவிட்டுத்தான் பெரியவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

"யாரும் இல்ல. இன்னைக்காவது தானா வருதான்னு பாத்தேன்." அம்மா திருகைத் தடவினாள். "கழட்டிடலாம்னுதான் இருந்தேன். கழட்டுனா அப்புறம் நிச்சயமா வராதுன்னு தோணுச்சு."

பெரியவள் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. மனசில் நிறைந்திருந்த பொறாமைப் பாத்திரம் அந்த நிமிடம் தளும்பி, கொஞ்சம் கீழே கொட்டிக் குறைந்தது. "எந்திரிம்மா. கட்டில்ல உக்காரு. சரி பண்ணித் தரேன்" என்றாள்.

"பொருள் வாங்கணும்னியே?"

"வாங்கத் தேவையில்ல."

பிரவுசரின் மூலையிலிருந்த வட்டத்தைத் தொட்டுத் தன் கணக்கை வெளியேற்றினாள். அவளுடைய கருவிகளும் அவளுடைய அலுவலகப் பக்கங்களும் ஒவ்வொன்றாகக் கழன்றன. அம்மாவுக்கென்று புதிதாக ஒரு கணக்கைத் திறந்தாள். மூலையில் இப்போது அம்மாவின் வட்டம் வந்தது. பழைய அழைப்புப் பக்கத்தை அதில் திறந்து வைத்தாள். இதுவரை பொய் சொன்ன நாட்களையெல்லாம் சேர்த்தாலும் வேலை இவ்வளவுதான். ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

"நான் அந்த ரூமுக்குப் போய் ஆபீஸ் லேப்டாப்லருந்து கூப்பிடுறேன். நிக்குதான்னு பாக்கணும். பச்சையை அமுக்கு" என்றாள்.

தன் அறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து அழைத்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் மணி அடிப்பது கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது. "அமுக்கும்மா" என்று கத்தினாள். "இருடி, பவுடர் கலைஞ்சிருக்கு" என்று சுவர் பதில் சொன்னது.

பிறகு திரை நிறைய அம்மா வந்தாள். கம்மலோடு, பவுடரோடு, முகமெல்லாம் ஒரு எதிர்பார்ப்போடு. இந்த முகத்தைத்தான் சின்னவள் தினமும் பார்க்கிறாள் என்று பெரியவளுக்கு உறைத்தது. அம்மா திரைக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுவந்து உற்றுப் பார்த்தாள்.

"நேரா உக்காரு."

"நேராத்தான்மா இருக்கேன்."

"கண்ணுக்குக் கீழ என்னடி இப்படிக் கறுத்துக் கிடக்கு?"

"எப்பவும் இப்படித்தான் இருக்கு."

"எப்பவுமா? எனக்கெப்படித் தெரியும்? நீ எங்க என் முன்னாடி உக்காருற? மாத்திரையை நீட்டுற கை தெரியும். கதவைச் சாத்திட்டுப் போற முதுகு தெரியும். உன் மூஞ்சிய முழுசா இப்பத்தான் பாக்குறேன்."

குரல் திரையிலிருந்தும் வந்தது, கதவிடுக்கிலிருந்தும் வந்தது. பெரியவள் திரையின் மூலையிலிருந்த தன் சின்னப் படத்தைப் பார்த்தாள். தோளில் இன்னும் பை தொங்கியது. அதை மெல்லக் கழற்றிக் கட்டிலில் வைத்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்கு நான் டீ கொண்டு வந்தப்ப ரெண்டு பேரும் எதுக்கு அப்படிச் சிரிச்சீங்க?"

அம்மா கண்ணை வேறு பக்கம் திருப்பினாள். திரையில் அது அப்பட்டமாகத் தெரிந்தது. நேரில் இருந்திருந்தால் இவள் கவனித்திருக்கவே மாட்டாள்.

"சொல்லும்மா."

"உன்னைப் பத்தித்தான்."

"என்னைப் பத்தியா?"

"நீ எப்படி நடப்ப, எப்படி மாத்திரையை நீட்டிக்கிட்டு, வாயைத் திறம்மா நேரமாச்சுன்னு அதிகாரம் பண்ணுவன்னு அவளுக்கு நடிச்சுக் காட்டுவேன். பாத்திரம் போடுற சத்தத்தைக்கூட அப்படியே பண்ணுவேன். அவ விழுந்து விழுந்து சிரிப்பா."

பெரியவளுக்குக் காது சூடாகிவிட்டது. "இத்தனை நாளா என் தலையை உருட்டித்தான் சிரிப்பா?"

"வேற யாரைப் பத்திடி பேசச் சொல்ற?" என்றாள் அம்மா, கொஞ்சமும் கூச்சமில்லாமல். "காலையிலருந்து ராத்திரி வரைக்கும் நான் பாக்குற ஒரே ஆள் நீதான். உன் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால இருக்கார்."

கோபப்பட வேண்டும் என்றுதான் பெரியவள் வாயைத் திறந்தாள். வந்தது சிரிப்பு. அதை அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வந்தது. அம்மாவின் சிரிப்பு அத்தனையிலும் தான்தான் இருந்திருக்கிறோம். ஆனால் அதைக் கேட்டுச் சிரித்ததென்னவோ சின்னவள். இதற்குச் சந்தோஷப்படுவதா, இன்னும் அதிகமாக வயிறெரிவதா? இரண்டையும் ஒன்றாகவே செய்தாள்.

"அப்ப ஒரு நியாயம் வேணும்மா. அவளைப் பத்தி என்கிட்ட சொல்லு."

"அவளைப் பத்தி என்ன சொல்றது?"

"ஏன், அவ என்ன தேவதையா? குறையே இல்லையா?"

அம்மா பின்னால் திரும்பிக் கதவைப் பார்த்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, திரையோடு ஒட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். கம்மல் ஆடியது.

"அவ இருக்காளே," என்று ஆரம்பித்தாள், "பேசிக்கிட்டே இருக்கும்போது அவளோட படத்தைத்தான் பாப்பா. என்னைப் பாக்கவே மாட்டா. முடியை இப்படித் தள்ளுவா, அப்படித் தள்ளுவா..." அம்மா தன் நரைத்த முடியை விரலால் ஒதுக்கி, கழுத்தைச் சாய்த்து, உதட்டைக் குவித்தாள். அச்சு அசலாகச் சின்னவள். பெரியவள் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்துவிட்டாள்.

"இன்னும் கேளு. அன்னைக்கு ஒரு நாள்..."

சட்டென்று அம்மாவின் முகம் மாறியது. சுவருக்கு அந்தப்பக்கம் இன்னொரு மணி அடித்தது.

"குட்டி கூப்பிடுறாடி. பச்சையும் வருது, சிவப்பும் வருது. எதை அமுக்க?"

கொஞ்சம் முன்புதான் தளும்பிக் கொட்டியிருந்த பாத்திரம் மறுபடி விளிம்புவரை நிறைந்தது. பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சிவப்பை அமுக்கும்மா."

"கோச்சுக்குவாளே."

"நான் பாத்துக்கிறேன். நீ அமுக்கு."

அம்மா ஒரு நொடி யோசித்தாள். பிறகு திரைக்கு வெளியே கை போயிற்று, மணி நின்றது. உடனே பெரியவளின் போன் கட்டிலில் அதிர்ந்தது. எதிர்பார்த்ததுதான். அவள் விரலை உதட்டில் வைத்து அம்மாவுக்குச் சைகை காட்டிவிட்டு எடுத்தாள்.

"அக்கா, அம்மா வரவே மாட்டேங்கிறா. என்னதான்கா ஆச்சு?"

"அதையேன்டி கேக்குற," என்றாள் பெரியவள், களைத்துப்போன குரலில். "பிரவுசர் மறுபடி போயிடுச்சு. அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

திரையில் அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். காதில் கம்மல் குதித்துக்கொண்டிருந்தது.